கார்பன் ஈடு விற்கும் மாணவர் நிறுவனம்: நான்கு வழிகளில் எதைப் பிடிப்பது?

கல்லூரித் தொழில்முனைவோர் மன்றங்களில் அடிக்கடி தலைகாட்டும் யோசனை இது: நிறுவனங்கள் தங்கள் கரியமில வெளியேற்றத்துக்கு ஈடாக கார்பன் கிரெடிட் வாங்கிக்கொள்ள ஓர் இணையதளம். தளத்தை எழுதி முடிக்க ஒரு செமஸ்டர்கூட வேண்டாம். அதற்குப் பிறகுதான் அணி முட்டுச்சந்தில் நிற்கும். கிரெடிட்டை நாமே வாங்கி வைத்து விற்பதா? விற்பவரும் வாங்குபவரும் கூடும் சந்தையாக நடத்துவதா? வேறொருவரின் சரக்கை ஏபிஐ (ஒரு மென்பொருளை இன்னொன்றோடு இணைக்கும் வழி) மூலம் எடுத்துக் கொடுப்பதா? அல்லது தளத்தை ஓரமாக வைத்துவிட்டு, நிறுவனத்துக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்து முகவராக வாங்கித் தருவதா?

இதற்கு முன்மாதிரி உண்டு. 2004-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் மேலாண்மைக் கல்லூரியில் பேராசிரியர் கார்ல் உல்ரிச் தன் வகுப்பு மாணவர்களோடு டெர்ராபாஸைத் தொடங்கினார். கார் வைத்திருப்பவர் ஓராண்டுப் புகைக்கு ஈடு வாங்கினால், வண்டியில் ஒட்டிக்கொள்ள ஒரு ஸ்டிக்கர் கிடைக்கும். விரைவிலேயே ஃபோர்டு, எக்ஸ்பீடியா போன்ற பெரிய பெயர்களோடு கூட்டு அமைந்தது. 2007-இல் ஓர் அமெரிக்க வணிக இதழ், அவர்கள் காசு கொடுத்த குப்பைமேட்டு மீத்தேன் திட்டம் ஒன்று அந்தக் காசு வராவிட்டாலும் நடந்திருக்கும் என்று எழுதியது. திட்டத்தை நடத்தியது வேறு நிறுவனம், ஆனாலும் பதில் சொல்ல வேண்டியிருந்தது விற்ற மாணவர் நிறுவனம். கீழே உள்ள நான்கு வழிகளையும் ஒப்பிடும்போது இதை மறக்கக் கூடாது.

அடிப்படை இரண்டு வரிதான். ஒரு கிரெடிட் என்பது ஒரு டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான குறைப்பு. கிரெடிட்டுக்குச் சான்றளித்துப் பதிந்து வைக்கும் வெர்ரா, கோல்டு ஸ்டாண்டர்டு போன்ற பதிவகங்களில் அது தொடரெண்ணோடு இருக்கும். அதை யாருடைய பெயரிலாவது ‘ரிட்டயர்’ செய்து நிரந்தரமாக முடக்கினால்தான் ஈடு. முடக்காத கிரெடிட் வெறும் சரக்கு, யாரும் மறுபடி விற்கலாம்.

## முதலில் ஒரு கணக்கு

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன், ஒரு வாடிக்கையாளர் எவ்வளவு பெரியவர் என்று பார்த்துவிடுவோம். நடுத்தர நிறுவனம் ஒன்று ஆண்டுக்கு 10 லட்சம் யூனிட் மின்சாரமும், ஜெனரேட்டருக்கு 20,000 லிட்டர் டீசலும் செலவழிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மத்திய மின்சார ஆணையம் வெளியிடும் தரவுத்தொகுப்பின்படி இந்திய மின்கட்டமைப்பின் சராசரி யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.72 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஆக, மின்சாரத்துக்கு 720 டன். டீசல் லிட்டருக்கு 2.68 கிலோ வீதம் 53.6 டன். மொத்தம் 774 டன் என்று முழுமைப்படுத்தலாம். கணக்குக்காக டன் 600 ரூபாய் என்று வைத்தால் விற்பனை 4,64,400 ரூபாய். அதில் 8 சதவீதம் கமிஷன் என்றால் கையில் நிற்பது 37,152 ரூபாய். இரண்டு பேர் கொண்ட அணியின் மாதச் செலவு 60,000 என்றால், கமிஷனை மட்டும் நம்பி ஆண்டைக் கடக்க இதே அளவில் 20 வாடிக்கையாளர் வேண்டும். இப்படி ஒரு நிறுவனத்தில் முதல் சந்திப்பிலிருந்து காசோலை வரைக்கும் மாதக்கணக்கில் ஆகும். இருபது என்பது சின்ன எண் இல்லை.

இன்னொன்று, யாரிடம் போய் நிற்பது என்பது. திருப்பூர் ஏற்றுமதியாளர்களிடம் ஐரோப்பிய பிராண்டுகள் கார்பன் கணக்குக் கேட்கின்றன, ஆகவே அவர்கள்தான் முதல் வாடிக்கையாளர் என்று அணிகள் நினைப்பது இயல்பு. ஆனால் அந்த பிராண்டுகளுக்கு வேண்டியது தங்கள் விநியோகச் சங்கிலியில் உண்மையான குறைப்பு. சப்ளையர் வாங்கிய ஈட்டை, நிறுவனங்கள் உலகெங்கும் பின்பற்றும் ஜிஎச்ஜி புரோட்டோகால் கணக்குமுறையில் பிராண்ட் தன் வெளியேற்றத்திலிருந்து கழிக்க முடியாது. பனியன் கம்பெனிக்கு அந்தக் காசில் கூரைச் சூரிய மின்சாரமோ பாய்லர் மாற்றமோதான் உபயோகம். மென்பொருள் நிறுவனங்கள், மாநாடு நடத்துபவர்கள், விடுதிகள், தளவாட நிறுவனங்கள் ஆகியோரிடம்தான் ஈடு விற்கும் பேச்சு பொருந்தும்.

## எதை வைத்து எடைபோடுவது

ஐந்து கேள்விகள். இவற்றில் முதல் இரண்டும் மற்ற மூன்றைவிட முக்கியம்.

முடங்கும் பணம். விற்பதற்கு முன் நம் கையிலிருந்து எவ்வளவு போக வேண்டும், திரும்பிவர எவ்வளவு நாள்.

பழி. விற்ற கிரெடிட் சொத்தை என்று பிறகு தெரிந்தால் வாடிக்கையாளர் யார் சட்டையைப் பிடிப்பார்.

டன்னுக்கு நிற்கும் காசு. கேட்வே (இணையப் பணவசூல்) கட்டணம், வரி, டாலர் மாற்று எல்லாம் போக.

முதல் விற்பனைக்கான காலம். பதிவகக் கணக்குக்கும் ஒப்பந்தங்களுக்கும் ஆகும் காலமும் இதில் சேரும்.

பட்டமளிப்புக்குப் பின். அணி கலையும் நாளில் என்னென்ன கடமைகள் பாக்கி நிற்கும். மாணவர் நிறுவனத்துக்கு மட்டுமே உரிய கேள்வி இது, பெரும்பாலான வணிகத் திட்டங்களில் இதற்கு ஒரு வரிகூட இருக்காது.

## வழி 1: வாங்கி வைத்து விற்பது

திட்டம் நடத்துபவரிடமோ தரகரிடமோ மொத்தமாக வாங்கி, உங்கள் பதிவகக் கணக்கில் வைத்து, சில்லறையாக விற்பது. லாபம் இதில்தான் அதிகம் தெரியும். 5,000 டன்னை 400 ரூபாய் வீதம் 20 லட்சத்துக்கு வாங்கி 600-க்கு விற்றால் டன்னுக்கு 200 ரூபாய்.

போட்ட பணம் திரும்பவே 3,334 டன் விற்றாக வேண்டும். மேலே பார்த்த நிறுவனம் போல நான்கு பேர் வாங்கிய பிறகும் கொஞ்சம் பாக்கி இருக்கும். அதற்குள் விலை இறங்கினால்? இந்தச் சந்தையில் விலை இறங்குவது சறுக்கல் அல்ல, சரிவு. ஐநாவின் கியோட்டோ காலநிலை ஒப்பந்தத்தின் கீழ் வளரும் நாட்டுத் திட்டங்களுக்குக் கிடைத்த தூய்மை வளர்ச்சிச் செயல்முறைக் கிரெடிட்டுகள் 2008-இல் 20 யூரோவைத் தாண்டின. 2012 முடியும்போது ஒரு யூரோவுக்கும் கீழே. இயற்கை சார்ந்த கிரெடிட்டுகளுக்கான என்-ஜியோ என்ற முன்பேர ஒப்பந்தத்தின் விலை 2022 தொடக்கத்தில் 10 டாலருக்கு மேல் போனது. 2023 முடிவதற்குள் ஒரு டாலருக்கும் கீழ். கோடவுனில் வைத்த அரிசி விலை விழுந்தால் சமைத்தாவது சாப்பிடலாம். இதை ஒன்றும் செய்ய முடியாது.

மறைந்திருக்கும் செலவு வரி. 1961 வருமான வரிச் சட்டத்தில் 2017 நிதிச் சட்டம் சேர்த்த 115பிபிஜி பிரிவு, கார்பன் கிரெடிட் கைமாற்றும் வருமானத்துக்கு 10 சதவீதம் வரி போடுகிறது, ஆனால் எந்தச் செலவையும் கழிக்க விடுவதில்லை. சொந்தத் திட்டத்தில் விளைந்த கிரெடிட்டை விற்பவருக்கு அது சலுகை. வாங்கி விற்பவருக்கு நேர் எதிர். 450-க்கு விற்று 50 ரூபாய் நிற்கும் இடத்தில் வரி 45 ரூபாய். அந்தப் பிரிவு ஐநா காலநிலை அமைப்பு சரிபார்த்த கிரெடிட்டுகளைத்தான் குறிக்கிறது. வெர்ரா, கோல்டு ஸ்டாண்டர்டு அலகுகளுக்குப் பொருந்துமா, புதிய வருமான வரிச் சட்டத்தில் நிலை என்ன என்பதை ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளாமல் ஒரு டன்கூட வாங்காதீர்கள்.

பதிவகக் கணக்குக்கும் தனி ஏற்பாடு வேண்டும். நிறுவனப் பதிவுச் சான்று, இயக்குநர்களின் அடையாள ஆவணங்கள், இறுதி உரிமையாளர் யார் என்ற விவரம் எல்லாம் கேட்பார்கள். கல்லூரி மன்றத்தின் பெயரில் கணக்குத் திறக்க முடியாது. பிரைவேட் லிமிடெட்டோ எல்எல்பியோ வேண்டும். ஆண்டுக் கட்டணம் வேறு.

பழி முழுதும் உங்கள் தலையில். தேர்ந்தெடுத்தது நீங்கள், விலை வைத்தது நீங்கள், இன்வாய்ஸில் பெயரும் உங்களுடையது.

இந்த வழி எப்போது சரி: ஒரே வாடிக்கையாளர் முன்கூட்டியே எழுத்தில் ஆர்டர் கொடுத்து, பெரும்பகுதி முன்பணமும் தந்திருந்தால். அல்லது பக்கத்திலேயே இருக்கும் ஒரு சிறு திட்டத்தின் மொத்த விளைச்சலையும் நீங்களே நேரில் பார்த்து, நேராகப் பேசி வாங்கும் வாய்ப்பு இருந்தால். வேறெதற்கும் வேண்டாம்.

## வழி 2: சந்தைத் தளம்

திட்டக்காரர்கள் பட்டியலிடுவார்கள், நிறுவனங்கள் வாங்கும், நமக்கு இருபக்கமும் கமிஷன். போட்டி மேடையில் நன்றாக எடுபடும் வழி இதுதான். சரக்கும் நம்முடையதல்ல, பணமும் முடங்காது.

நடைமுறையில் முதலில் உதைப்பது பட்டியல். ஒரே கிரெடிட் தொகுப்பை அதன் சொந்தக்காரர் மூன்று தரகரிடம் சொல்லிவைத்திருப்பார். உங்கள் தளத்தில் ‘கைவசம் 8,000 டன்’ என்று மின்னும். வாங்குபவர் பணம் கட்டியபின் கேட்டால் போன வாரமே விற்றுவிட்டது என்பார்கள். இதைத் தடுக்க, கிரெடிட்டை உங்கள் கணக்குக்கு முன்கூட்டியே மாற்றி வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது நாள் குறித்த எழுத்துப்பூர்வ ஒதுக்கீடு வாங்க வேண்டும். முன்பின் தெரியாத மாணவர் தளத்துக்கு இரண்டுமே எளிதில் கிடைக்காது.

அடுத்தது பணம் கடந்துபோகும் வழி. மற்றவர் பொருளை விற்றுப் பணத்தை நீங்கள் வசூலித்தால், ஜிஎஸ்டி சட்டத்தின் 52-வது பிரிவில் மின்வணிக நடத்துநர் ஆகிவிடுகிறீர்கள். விற்றுமுதல் எவ்வளவு சிறிதானாலும் பதிவு கட்டாயம். விற்பனையாளரின் வரிக்குட்பட்ட நிகர விற்பனை மதிப்பில் 0.5 சதவீதம் டிசிஎஸ் (தளமே பிடித்துக் கட்டும் வரி) கட்டி, மாதாமாதம் ஜிஎஸ்டிஆர்-8 படிவம் தாக்கல் செய்ய வேண்டும். 2024 ஜூலை 9 வரை இது 1 சதவீதமாக இருந்தது. பிறர் பணத்தை உங்கள் நடப்புக் கணக்கில் வைத்திருந்து பிரித்துக் கொடுப்பதும் கூடாது. ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற பேமென்ட் அக்ரிகேட்டரின் (வணிகர்களுக்காகப் பணம் வசூலித்துத் தரும் நிறுவனம்) பிரித்தனுப்பும் வசதியைப் பயன்படுத்த வேண்டும். இந்தக் கணக்குவழக்கை நடத்தவே ஒரு பகுதிநேரக் கணக்காளர் தேவைப்படுவார். 37,000 ரூபாய் கமிஷனில் அவர் சம்பளம் எங்கே வரும்?

‘நாங்கள் வெறும் தளம்தான்’ என்பது பழியிலிருந்து தப்ப உதவும் என்று நினைக்க வேண்டாம். வாங்குபவருக்குத் தெரிந்த ஒரே பெயர் உங்களுடையது.

சியாட்டலில் நோரி என்றொரு நிறுவனம் விவசாய மண்ணில் கார்பன் சேர்ப்பவர்களையும் வாங்குபவர்களையும் இணைக்கும் சந்தையைப் பல ஆண்டு நடத்திப் பார்த்தது. முதலீட்டாளர் பணமும் அனுபவமுள்ள அணியும் இருந்தும் 2024-இல் கடையை மூடியது. தன்னார்வச் சந்தையில் வாங்குவோர் போதவில்லை.

இது எப்போது சரி: ஏற்கெனவே ஒரு பக்கம் உங்கள் கைக்குள் இருந்தால். உதாரணத்துக்கு, ஒரு தொழிலதிபர் சங்கமோ வணிகர் கூட்டமைப்போ தன் உறுப்பினர்கள் எல்லோரையும் உங்கள் வழியாகவே வாங்கச் சொன்னால். தமிழ்நாடு நூற்பாலைகள் சங்கம் பல ஆலைகளின் காற்றாலைகளை ஒரே கட்டாகத் தொகுத்து தூய்மை வளர்ச்சிச் செயல்முறைக்குக் கொண்டுபோன உதாரணம் விற்கும் பக்கத்தில் உண்டு. வாங்கும் பக்கத்திலும் அப்படியொரு கட்டு கிடைத்தால் சந்தை ஓடும். கிடைக்கும்வரை தளம் எழுத வேண்டாம், ஒரு எக்செல் தாள் போதும்.

## வழி 3: பிறர் சரக்கு, நம் ஏபிஐ

பேட்ச், கிளோவர்லி போன்ற அமெரிக்க நிறுவனங்கள் கிரெடிட் கொள்முதலை மென்பொருள் இணைப்பாகத் தருகின்றன. அவற்றின் மேல் ஒரு மெல்லிய அடுக்கைக் கட்டி, இணையக் கடைகளில் ‘இந்தப் பார்சலின் கார்பனை ஈடுசெய்’ என்ற பொத்தானைப் பொருத்துவது இந்த வழி. பதிவகக் கணக்கு வேண்டாம், இரண்டு வாரத்தில் இயங்கவும் செய்யும். கணினித் துறை மாணவர்கள் இதைத்தான் விரும்புவார்கள்.

கணக்கைப் பாருங்கள். ஒரு பார்சலுக்கு 1.5 கிலோ என்று வைத்தால் ஒரு லட்சம் பார்சலுக்கு 150 டன். டன் 600 ரூபாய் வீதம் 90,000. உங்களுக்குப் பத்து சதவீதம் என்றால் 9,000 ரூபாய். ஒரு லட்சம் பார்சலுக்கு! அதிலும் கேட்வே கட்டணம் 2 சதவீதம் போகும், டாலர் மாற்றில் கொஞ்சம் கழியும். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வருமான வரிப் படிவம், வங்கியின் நோக்கக் குறியீடு, ரிவர்ஸ் சார்ஜ் ஜிஎஸ்டி (விற்பவருக்குப் பதில் வாங்குபவரே கட்டுவது) என்று ஒவ்வொரு முறையும் காகித வேலை.

கிலோக் கணக்கில் விற்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பதிவகம் முழு டன்னாகத்தான் ரிட்டயர் செய்யும். 1.5 கிலோ வாங்கிய வாடிக்கையாளரின் பெயர் எந்தப் பதிவகத்திலும் இருக்காது. மொத்தமாகச் சேர்த்து ஒரு நாள் முடக்கப்படும். அந்த நாள்வரை வசூலித்த காசு உங்கள் கடன். எந்தெந்த ஆர்டர் எந்தத் தொடரெண் தொகுப்பில் அடங்கியது என்ற பட்டியல் இல்லாவிட்டால் பிறகு நிரூபிக்க வழியே இல்லை.

மலிவான கிரெடிட்டைப் பார்த்து, பிளாக்செயின் டோக்கனாக மாற்றி விற்கலாமே என்று அணியில் யாராவது கேட்பார். வெர்ரா 2022 மே மாதத்தில், ரிட்டயர் செய்த கிரெடிட்டை வைத்து டோக்கன் உருவாக்கத் தடை போட்டது. அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இது எப்போது சரி: பயணப் பதிவு, பேருந்து டிக்கெட், கூரியர் என்று லட்சக்கணக்கில் பரிவர்த்தனை நடக்கும் ஒரே பெரிய நிறுவனம் உங்களை மென்பொருள் ஒப்பந்தக்காரராகவே அழைத்தால். அப்போதும் கமிஷனைக் கேட்காதீர்கள். இணைப்பு வேலைக்கும் பராமரிப்புக்கும் கட்டணம் கேளுங்கள்.

## வழி 4: கணக்கெடுப்போடு முகவர் வேலை

நிறுவனத்தின் மின்கட்டண ரசீது, டீசல் பில், பயணச் செலவு எல்லாவற்றையும் வாங்கி வெளியேற்றக் கணக்குப் போடுவது. எங்கே குறைக்கலாம் என்று சொல்வது. மிச்சத்துக்கு அவர்கள் சார்பில் கிரெடிட் தேடி, அவர்கள் பெயரிலேயே ரிட்டயர் செய்ய வைப்பது. முதலீட்டாளர் மேடையில் கொட்டாவி வரவழைக்கும் வழி. பணம் கட்டும் வாடிக்கையாளரை முதலில் கொண்டுவருவதும் இதுவே.

மேலே சொன்ன 774 டன் நிறுவனத்திடம் கணக்கெடுப்புக்கு 60,000 ரூபாய் வாங்கினால், கமிஷனோடு சேர்ந்து 97,152. ஆண்டைக் கடக்க 20-க்குப் பதில் 8 வாடிக்கையாளர் போதும். கணக்கெடுப்பு அடுத்த ஆண்டும் வேண்டும் என்பதால் அவர்களில் பலர் திரும்பியும் வருவார்கள். பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டாளர் செபியின் பிஆர்எஸ்ஆர் (நிறுவனத்தின் சமூக, சுற்றுச்சூழல் பொறுப்பு) அறிக்கை 2022-23 நிதியாண்டிலிருந்து சந்தை மதிப்பில் முதல் 1,000 பட்டியலிட்ட நிறுவனங்களுக்குக் கட்டாயம். அந்த நிறுவனங்கள் தங்கள் சப்ளையர்களிடமும் விவரம் கேட்கத் தொடங்கியிருப்பதால், ஈடே வேண்டாதவருக்கும் கணக்கு வேண்டியிருக்கிறது.

சிக்கல்கள் இங்கேயும் உண்டு. அளப்பவரும் விற்பவரும் ஒருவரே என்பது முதல் சிக்கல். கணக்கில் டன் கூடினால் உங்கள் கமிஷன் கூடும். ஆகவே கணக்கெடுப்புக் கட்டணம் டன்னோடு ஒட்டாத நிலைத்தொகையாக இருக்க வேண்டும், கமிஷன் விகிதமும் ஒப்பந்தத்தில் வெளிப்படையாக இருக்க வேண்டும். இதற்கு வரி ஆதாயமும் உண்டு. ஜிஎஸ்டி விதி 33-இல் சொல்லும் ப்யூர் ஏஜென்ட் (வாடிக்கையாளர் சார்பில் வாங்கித் தரும் முகவர்) நிபந்தனைகள் பொருந்தினால், கிரெடிட்டின் விலை உங்கள் சேவை மதிப்பில் சேராது. எழுத்துப்பூர்வ அதிகாரம், இன்வாய்ஸில் தனி வரி, கொடுத்த அதே தொகையை மட்டும் வசூலிப்பது ஆகியவை அவற்றில் முக்கியம். கிரெடிட் விலையில் ரகசியமாகப் பத்து ரூபாய் ஏற்றினால் அந்த நிலை போய்விடும்.

இரண்டாவது, கணக்கிலேயே விழும் ஓட்டை. தமிழ்நாட்டில் சொந்தக் காற்றாலை வைத்திருக்கும் ஆலைகள் நிறைய. ‘எங்கள் மின்சாரம் காற்றிலிருந்து, ஆகவே பூஜ்யம்’ என்பார்கள். அந்தக் காற்றாலையின் கார்பன் கிரெடிட்டையோ புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சான்றிதழையோ அவர்கள் ஏற்கெனவே விற்றிருந்தால், பசுமை உரிமை அதோடு போய்விட்டது. மின்கட்டமைப்புச் சராசரியைத்தான் போட வேண்டும். முதல் கூட்டத்திலேயே கேட்க வேண்டிய கேள்வி இது.

மூன்றாவது, ஆள்பலம். மென்பொருளைப் போல இது தானாகப் பெருகாது. எட்டு வாடிக்கையாளரை இரண்டு பேர் சமாளிக்கலாம், முப்பதை முடியாது.

பழி இல்லாமல் போகாது, பங்கிடப்படும். மூன்று திட்டங்களை நிறைகுறைகளோடு எழுதிக் கொடுத்து, தேர்ந்தெடுக்கும் கையெழுத்தை வாடிக்கையாளரிடம் வாங்கினால், பிறகு கேள்வி வரும்போது எதைப் பார்த்து முடிவெடுத்தார்கள் என்பதற்கு ஆவணம் இருக்கும்.

## ஒரே பார்வையில்

| | வாங்கி விற்பது | சந்தை | ஏபிஐ | முகவர் |
|---|---|---|---|---|
| முடங்கும் பணம் | அதிகம் | கிட்டத்தட்ட இல்லை | குறைவு | இல்லை, முன்பணம் வாங்கினால் |
| பழி | முழுதும் நமக்கு | பெயரளவில் விற்பவருக்கு, நடைமுறையில் நமக்கு | நமக்கும் சரக்குத் தரும் நிறுவனத்துக்கும் | பங்கீடு, ஆவணத்தோடு |
| டன்னுக்கு நிற்பது | அதிகம், விலை விழாவிட்டால் | குறைவு | மிகக் குறைவு | குறைவு, ஆனால் தனிக் கட்டணம் உண்டு |
| முதல் விற்பனை | கணக்கு, கொள்முதல் முடிந்த பின் | இரு பக்கமும் சேர்ந்த பின் | சில வாரம் | ஒரு நல்ல அறிமுகம் போதும் |
| மறைசெலவு | 115பிபிஜி, விலைச் சரிவு | டிசிஎஸ், ஜிஎஸ்டிஆர்-8, காலாவதிப் பட்டியல் | அந்நியச் செலாவணிக் காகிதம், முடக்காத கிலோக்கள் | மனித உழைப்பு |
| பட்டமளிப்புக்குப் பின் | கையில் சரக்கு | பிறர் பணம், பிறர் பட்டியல் | ஓடும் சர்வர், சேர்ந்த கிலோக்கள் | முடிந்த கோப்புகள் மட்டும் |

## எந்த வழியானாலும்: கடையில் எதை வைப்பது

நான்கு வழிகளுக்கும் பொதுவான ஆபத்து தரம். தமிழ்நாட்டு அணி ஒன்று முதலில் எட்டிப் பார்ப்பது முப்பந்தல், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைக் கிரெடிட்டுகளைத்தான். நம்மூர்ச் சரக்கு, விலையும் மலிவு. மலிவாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. காற்றாலை இன்று கார்பன் காசு இல்லாமலே லாபம் தரும் தொழில். கிரெடிட் விற்றதால்தான் அது நிறுவப்பட்டது என்று சொல்ல முடியாது. 2020-லேயே வெர்ராவும் கோல்டு ஸ்டாண்டர்டும் மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு வெளியே மின்கட்டமைப்பில் இணைந்த புதிய புதுப்பிக்கத்தக்க மின்திட்டங்களைப் பதிவதைப் பெரும்பாலும் நிறுத்தின. 2024 ஆகஸ்டில், கிரெடிட் தரத்துக்கு முத்திரை தரும் ஐசிவிசிஎம் அமைப்பு, இருக்கும் புதுப்பிக்கத்தக்க மின்சார முறைகள் எதற்கும் தன் முத்திரை இல்லை என்று அறிவித்தது. அதில் சிக்கியவை ஏறத்தாழ 23.6 கோடி கிரெடிட்டுகள். பழைய பதிவில் உள்ளவை இன்னும் விற்பனைக்கு வரும், சட்டப்படி தடையில்லை. ஆனால் 100 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று அதை வாங்கிக் கொடுத்தால், இரண்டாம் ஆண்டு அந்த வாடிக்கையாளர் உங்களோடு பேசமாட்டார்.

காடு காக்கும் திட்டங்கள் 2023 ஜனவரியில் அடிவாங்கின: வெர்ரா சான்றளித்த மழைக்காட்டுக் கிரெடிட்டுகளில் 90 சதவீதத்துக்கு மேல் உண்மைக் குறைப்பைக் காட்டவில்லை என்று கார்டியன் உள்ளிட்ட ஊடகங்களின் கூட்டுப் புலனாய்வு எழுதியது. வெர்ரா அதை மறுத்தது, ஆனால் அந்த ஆண்டே அதன் தலைவர் விலகினார். விறகு மிச்சம் பிடிக்கும் அடுப்பு கொடுக்கும் திட்டங்களைப் பற்றி 2024 ஜனவரியில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தாங்கள் எடுத்த மாதிரியில் கிரெடிட்டுகள் ஒன்பது மடங்குக்கு மேல் மிகையாகக் கணக்கிடப்பட்டிருப்பதாகக் கண்டனர். அதற்காக அடுப்பே வேண்டாம் என்று பொருளல்ல. எரிவாயு, மின்சாரம் போல மீட்டர் வைத்து அளக்கும் திட்டங்கள் அந்த ஆய்விலேயே நன்றாக வந்தன.

உயிர்க்கரி (தாவரக் கழிவைக் கரியாக்கி மண்ணில் சேர்ப்பது), காற்றிலிருந்து நேரடியாக உறிஞ்சுவது போன்ற, கார்பனை அகற்றும் திட்டங்களின் நிரூபணம் பலமானது. விலை டன்னுக்கு நூறு டாலரிலிருந்து பல நூறு டாலர். 774 டன்னுக்கு அதை யாரும் வாங்கமாட்டார்கள், 20 டன் வாங்கக்கூடும். விலை குறைந்த குறைப்புக் கிரெடிட்டோடு இதையும் கலந்து கொடுக்கலாம்.

இன்னும் விளையாத கிரெடிட்டை முன்கூட்டி விற்பது, அதாவது இன்று மரம் நட்டு எட்டு ஆண்டில் கிரெடிட் என்பது, மாணவர் நிறுவனத்துக்கு எந்த நிலையிலும் கூடாது. எட்டு ஆண்டு கழித்துக் கேள்வி கேட்பவர் யாரைத் தேடுவார்?

## வாங்கியவர் என்ன சொல்லிக்கொள்ளலாம்

விற்பனைப் பேச்சில் அதிகம் பொய் நுழையும் இடம் இது. நான்கு விஷயங்களை எழுதியே கொடுத்துவிடுங்கள்.

ஐரோப்பிய எல்லைக் கார்பன் வரியை இந்தக் கிரெடிட் குறைக்காது. இரும்பு, எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம் ஏற்றுமதி செய்பவர் அந்த எதிர்பார்ப்போடு வந்தால் அங்கேயே நிறுத்திச் சொல்ல வேண்டும். இந்தியாவின் கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டத்தில் இலக்கு விதிக்கப்பட்ட ஆலைகள் கட்ட வேண்டியது அந்தத் திட்டத்தின் சான்றிதழை. வெர்ரா கிரெடிட்டைக் காட்டிக் கழிக்க முடியாது. 2023-இல் வந்த பசுமைக் கிரெடிட் திட்டம் முற்றிலும் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஐரோப்பிய நுகர்வோரிடம் ‘இந்தப் பொருள் கார்பன் நடுநிலை’ என்று ஈட்டை வைத்துச் சொல்வதை ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024/825 ஆணை தடை செய்கிறது. 2026 செப்டம்பர் 27 முதல் அமல். இந்தியாவிலும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் பசுமைப்பூச்சுக்கு (சுற்றுச்சூழலைக் காப்பதாகப் பொய்யாகச் சொல்லிக்கொள்வது) எதிரான நெறிமுறைகளை வெளியிட்டது. பாதுகாப்பான வாசகம் இப்படி இருக்கும்: ‘2025-26 நிதியாண்டில் எங்கள் நேரடி வெளியேற்றமும் வாங்கிய மின்சாரத்தின் வெளியேற்றமும் 774 டன், இன்ன திட்டத்தின் 774 கிரெடிட்டுகளை எங்கள் பெயரில் ரிட்டயர் செய்தோம், பதிவக இணைப்பு இது.’ இதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம்.

## எந்த அணிக்கு எது

மூன்று அல்லது நான்கு பேர், கையில் ஐந்து லட்சத்துக்கும் குறைவு, இரண்டு ஆண்டில் படிப்பு முடியும் என்றால் முகவர் வழி. யோசிக்கவே வேண்டாம். நன்றாக நிரல் எழுதும் அணியும் அதையே எடுத்து, ரசீதுகளைப் படித்துக் கணக்குப் போடும் மென்பொருளைத் தன் உள்வேலைக்கு எழுதலாம்; முப்பது வாடிக்கையாளரைத் தாங்கும் பலம் அங்கிருந்துதான் வரும். பெரிய தளவாட நிறுவனம் ஒன்று கூப்பிட்டால் ஏபிஐ. ஒரு சங்கம் முழுதாகக் கைகொடுத்தால் சந்தை. முன்பணத்தோடு எழுத்து ஆர்டர் இருந்தால் மட்டும், அந்த ஆர்டர் அளவுக்கு மட்டும், வாங்கி விற்பது.

## முகவர் வழியில் முதல் விற்பனை

1. பன்னிரண்டு மாத மின்ரசீது, எரிபொருள் பில், குளிர்சாதன வாயு நிரப்பிய விவரம் வாங்குங்கள். கடைசியதை எல்லோரும் மறப்பார்கள், வாயு வகையைப் பொறுத்து ஒரு கிலோ கசிவு ஒன்றிரண்டு டன்னுக்குச் சமம்.
2. கணக்கைக் கொடுத்து, குறைப்பு யோசனைகளையும் கொடுத்து, நிலைத்தொகையை வசூலித்துவிடுங்கள். ஈடு வாங்காவிட்டாலும் இந்தப் பணம் உங்களுடையது.
3. மூன்று திட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். ரூபாயில் விற்கும் இந்திய விற்பனையாளர் ஒருவராவது இருக்கட்டும். விலைக்கு ஏழு நாள் கெடு எழுதுங்கள். டாலரும் நகரும், சரக்கும் நகரும்.
4. கிரெடிட் விலை முழுதும் முன்பணம். ‘நாற்பத்தைந்து நாளில் தருகிறோம்’ என்பது இங்கே செல்லாது, ரிட்டயர் செய்ததைத் திரும்பப் பெற முடியாது.
5. பயனாளியின் பெயரை நிறுவனப் பதிவுச் சான்றிலிருந்து எழுத்துக்கு எழுத்து எடுத்து, வாடிக்கையாளரின் மின்னஞ்சல் ஒப்புதலோடு விற்பனையாளருக்கு அனுப்புங்கள். நிதியாண்டையும் காரணக் குறிப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். பிழை விழுந்தால் பதிவகத்தில் திருத்துவது பெரும்பாடு.
6. முடிந்ததும் பொதுப் பதிவகப் பக்கத்தைத் திறந்து தொடரெண்ணைச் சரிபாருங்கள். வெர்ரா தொடரெண்ணில் தொடக்க எண், முடிவு எண், நாட்டுக் குறி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை நடந்த குறைப்பு என்பதெல்லாம் இருக்கும். முடிவு எண்ணில் தொடக்க எண்ணைக் கழித்து ஒன்று கூட்டினால் வாங்கிய டன் வர வேண்டும்: 1001 முதல் 1774 வரை என்றால் 774. அழகான பிடிஎஃப் சான்றிதழ் மட்டும் வந்து பதிவக இணைப்பு வரவில்லை என்றால், விற்பனையாளருக்குப் பணத்தை விடுவிக்காதீர்கள்.
7. கணக்குத் தாள், ரசீதுகள், தேர்வுக் கையெழுத்து, பதிவக இணைப்பு நான்கையும் ஒரே கோப்பாக்கி வாடிக்கையாளரின் சொந்தச் சேமிப்பில் வையுங்கள். கல்லூரி மின்னஞ்சலோடு இணைந்த டிரைவில் வைத்தால், பட்டம் வாங்கிய சில மாதத்தில் கல்லூரி அந்தக் கணக்கை மூடும்போது அதுவும் மறையும். ஆடிட்டர் கேட்டு வருவது அதற்கு அடுத்த ஆண்டு.